பூஜையன்று அணைக்காத கம்ப்யூட்டர்

நேற்று காலை அரியாங்குப்பம் தச்சுப் பட்டறையில், மெஷினில் மரத்தைச் செதுக்குகிற பிட் மறுபடியும் பலகையைத் துளைத்துக்கொண்டு அடியில் இருக்கிற மேசைக்குள் இறங்கிவிட்டது. விஜயதசமியின் முதல் வேலை. தேக்குக் கதவில் தாமரை செதுக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. பிட் முறிந்தது, அதைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் கோணிக்கொண்டது, மெஷினை ஓட்டிய கலாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

முறிந்த பாதி இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. தண்டில் பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தனமும் கருகிய தேக்கும் சேர்ந்து அடிக்கின்றன. இந்த வாசனை எனக்குப் புதிதல்ல. சில வருடங்களுக்கு முன்னால் இதே பட்டறையில், இதே விஜயதசமிக்கு, இதேபோல் முறிந்த ஒரு பாதியை நீ கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "தப்புகூட நல்லா மணக்குதுடி" என்றாய்.

நீ போய் ஒரு கோடை கழிந்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேச வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், உன் சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தியவர்கள் உட்பட. எனக்கு அது வரவில்லை. முதலியார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் நமக்குள் சண்டைதான். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பிய சொல்தா. என் அப்பா மில்லில் நூல் ஓட்டியவர். மில் மூடியதும் நான் மொபெட்டில் ரம்பமும் உப்புத்தாளும் கட்டிக்கொண்டு தச்சுப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். நீ படித்துவிட்டுக் கருவடிக்குப்பத்து மாடி அறையில் உட்கார்ந்து, கண்ணால் பார்க்காத கம்பெனிகளுக்கு ப்ரோகிராம் எழுதினாய். ரம்பத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, மரம் செதுக்குகிற சிஎன்சி மெஷின்கள் விற்கிற கடைக்காரி ஆனேன் நான். கடைக்குள் வாடிக்கையாளர் இருப்பதைப் பார்த்துவிட்டே வாசலில் நின்று கேட்பாய்: "என்னா முதலாளியம்மா, இன்னிக்கி யார் தலைல கட்டுன?"

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனால் நீ எனக்கு விளக்கியதை நான் என் கணக்குக்கு மாற்றிச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதற்காகவே இன்னொரு முறை சொல்கிறேன். பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோகிராம் இருக்கிறது. கதவின் படம் அதில் இருக்கும். மெஷினோடு ஒட்டிய பெட்டியில் இன்னொரு மென்பொருள் இருக்கிறது. மோட்டார் எங்கே நிற்கிறது, பிட் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதற்குத்தான் உண்மையில் தெரியும். இரண்டுக்கும் நடுவில், பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி. இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகும், அந்தப் பக்கத்துப் பதிலை இங்கே கொண்டுவரும். நீ இதை நீட்டி முழக்கிச் சொல்லி முடித்ததும், "தரகன்னு ஒரே வார்த்தைல சொல்லித் தொலையேன்" என்றேன். அன்றிலிருந்து உனக்கும் அது தரகன்தான்.

அந்த முதல் விஜயதசமியன்று முருகையன் அண்ணன் எனக்கு போன் போட்டார். பட்டறை அவருடையது, மெஷின் நான் விற்றது. "உன் மெஷின் என் கதவத் தின்னுடுச்சும்மா" என்றார். நான் போனபோது கலா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. "அக்கா, நான் ஒயரம் வெச்சேன். சத்தியமா வெச்சேன். பெட்டியில சரியாத்தான் காட்டிச்சு" என்றாள். மெஷின் செய்கிற கம்பெனிக்கு போன் போட்டேன். நேரில் வந்து பார்க்கக்கூட இல்லை. "ஆபரேட்டர் மிஸ்டேக் மேடம், அப்படித்தான் எழுதிக்குவோம்" என்று அங்கேயிருந்தே தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் அப்படி எழுதினால் கலாவுக்கு வேலை போகும். எனக்கும் சுலபம்தான், என் மெஷின்மேல் குறை இல்லை என்று ஆகிவிடும். சுலபமாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை. மலிவு விலைக்குப் பின்னால் ஏதோ ஒரு கோளாறு இருக்கும் என்பது மொபெட் காலத்துப் படிப்பு. உன்னைக் கூப்பிட்டேன்.

வந்தாய். செருப்பைக் கழற்றிக்கொண்டே, உன் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பிரெஞ்சில் தொடங்கி, "அலோர், இங்க யாரு அழுவுறது? அழுது முடிங்க, அப்புறம் பேசலாம்" என்றாய்.

"நான் அழுவுல. மரத்தூசு" என்றாள் கலா.

"அப்ப சரி. நேத்து காலைல பட்டறை தொறந்ததுலேர்ந்து சொல்லு. எதையும் வுடாத. குங்குமம் எங்க வெச்சன்றது வரைக்கும் வேணும்."

"குங்குமத்துக்கும் பைதானுக்கும் என்னாடி சம்பந்தம்?" என்றேன் நான்.

"தெரிஞ்சா நான் ஏன்டி கேக்குறேன்?"

கலா சொன்னாள். ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவினார்கள். பிட்டைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்து, உளி ரம்பத்தோடு தாம்பாளத்தில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். மெஷினுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். கம்ப்யூட்டர் திரையில் சரஸ்வதி படத்தைப் பெரிதாகப் போட்டு, திரைக்கே மாலை சாத்தினார்கள். பொரி கடலை கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பிட்டைத் திரும்ப மாட்டி, மெஷின் பெட்டியில் இருக்கிற பொத்தானை அழுத்தி, பிட்டின் நுனி எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லி உயரம் வைத்தாள். சரஸ்வதி படத்தைக் கும்பிட்டு மூடிவிட்டு, ப்ரோகிராமில் ஓடு என்று சொன்னாள். ஓடியது, நேராகக் கீழே.

நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "ராத்திரி கம்ப்யூட்டர அணைச்சியா?"

"எப்படிக்கா அணைக்கிறது? சாமி இருக்குதே அதுல."

முருகையன் அண்ணன் குறுக்கே வந்தார். "பூஜை நாள்ல எரியிறத எவனாவது அணைப்பானாம்மா?"

"மத்த நாள்ல?"

"தெனம் சாயந்தரம் அணைச்சுடுவோம். கரன்ட் பில்லு யாரு கட்றது, உங்கப்பாவா?"

"எங்கப்பாவுக்கு யூரோல வருது, கட்டுவாரு" என்றாய். அதற்கப்புறம்தான் லேப்டாப்பையே திறந்தாய். லைப்ரரியின் உள்ளே போய்ப் படித்தாய், உதட்டைப் பிதுக்கினாய், திரும்பப் படித்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய், எனக்கு ஓர் எழுத்தும் புரியாது என்று தெரிந்தே. லைப்ரரி காலையில் மெஷினோடு பேசத் தொடங்கும்போது பிட்டின் நீளத்தை ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்கிறது. நடுவில் ப்ரோகிராம் வழியாகப் பிட் மாற்றினால் புது நீளத்தை வாங்கிக்கொள்கிறது. யாராவது கையால் கழற்றி மாட்டிப் பெட்டியில் நேராக உயரம் வைத்தால், அதற்குத் தெரியாது. பழைய நீளத்தையே வைத்துக் கணக்குப் போட்டு இறக்குகிறது. தினமும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுகிற பட்டறையில் தினமும் காலையில் கேட்டுவிடும், தப்பு தெரியவே தெரியாது. வருடத்தில் ஒரே இரவு கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது, அதே நாளில்தான் பிட் தாம்பாளத்துக்குப் போகிறது.

"நேத்து வெலைய இன்னிக்கி சொல்ற தரகன்" என்றேன்.

"முதலாளியம்மாவுக்கு வெளங்கிடுச்சு" என்றாய். "இப்ப எனக்கு வெளங்கணும். மறுபடி தப்பு பண்ண வைக்கணும்."

அங்கேதான் சண்டை. உன் வழக்கம் எனக்குத் தெரியும்: தப்பைத் திரும்ப வரவழைக்காமல் கை வைக்க மாட்டாய். "வரவழைக்க முடியாத தப்ப சரி பண்ணேன்னு சொல்றவன் பொய் சொல்றான்" என்பாய். ஆனால் முருகையன் அண்ணனிடம் போய், "திரும்பவும் பூஜை போடுங்கண்ணே" என்றால் அவர் என்ன செய்வார்? "சாமிய டெஸ்டிங்குக்குக் கூப்புடுறியா நீ? போம்மா வெளிய!" என்று கத்தினார். கற்பூரம் வேண்டாம், படம் மட்டும் போதும் என்றாய். படம் போட்டால் கற்பூரமும் வேண்டும் என்றார். கடைசியில் சரஸ்வதிக்குப் பதிலாக அவருடைய பேரன் படத்தைத் திரையில் போட அவரே ஒப்புக்கொண்டார். சேதமில்லாத இன்னொரு ஸ்பிண்டிலை என் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டினோம். பலகைக்குப் பதிலாகத் தெர்மாகோல் வைத்தாய், சுழற்றாமல் இறக்கினாய். பிட்டை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக நீட்டி மாட்டியிருந்தாய். பெட்டி சரியான உயரத்தைக் காட்டிக்கொண்டேயிருக்க, பிட் தெர்மாகோலுக்குள் புசுக்கென்று போனது. பிறகு பிட்டைக் குறைவாக நீட்டி மாட்டினாய். இந்த முறை அந்தரத்திலேயே நின்று காற்றைச் செதுக்கியது.

அதைப் பார்த்து கலா, "போன வருசம் இப்படித்தான்கா பூஜைக்கு மறுநாள் சும்மா மேலயே ஓடிச்சாம். பழைய ஆளு சொன்னாரு. திருப்பிப் போட்டாங்களாம், சரியாயிடுச்சாம்" என்றாள். காற்றை அறுத்த வருடத்தில் எவரும் புகார் சொல்லவில்லை. கதவை அறுத்த வருடத்தில் ஓர் ஆள் தலையில் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். உனக்குக் கோபமே வரவில்லை. "சிக்கிடுச்சு" என்று சிரித்துக்கொண்டு மிச்சப் பொரியை அள்ளித் தின்றுகொண்டிருந்தாய்.

அந்த லைப்ரரியை வைத்திருப்பதும் மெஷின் கம்பெனிதான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் கையில். நீ எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாய். பதில் வந்ததும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய்: இது பிழையல்ல, கையேட்டில் சொன்னபடி ப்ரோகிராம் வழியாகவே பிட்டை மாற்ற வேண்டும், பயனர் தவறு, புகார் மூடப்பட்டது. நீ திரும்பத் திறந்தாய். மூடினார்கள். திறந்தாய். மதச் சடங்குகளுக்கெல்லாம் மென்பொருள் பொறுப்பேற்க முடியாது என்று ஒருவன் எழுதினான். அதற்கு நீ எழுதியதை நான் இன்னும் வரி தவறாமல் சொல்வேன்: "பூஜையை விடுங்கள். சுத்தம் செய்யக் கழற்றினாலும் இதுதான் நடக்கும். உண்மை தெரிந்தவன் பக்கத்து அறையில் இருக்கும்போது அவனைக் கேட்காமல் நீங்களாக ஊகிப்பது ஏன்?"

அதற்குள் உனக்குச் சிறுநீரகம் மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கையில் ஊசி, மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாய். நர்ஸ் திட்டினாள். "லேப்டாப்ப மூடுடி, உடம்பப் பாரு" என்று நானும் திட்டினேன். "உடம்ப டாக்டர் பாக்குறாரு. இத யாரு பாக்குறது, நீயா?" என்றாய். டாக்டரையும் நீ விடவில்லை. ஒரு பரிசோதனை முடிவைக் காட்டி அவர் தலையை ஆட்டியபோது, "போன வாரத்து ரத்தத்த வெச்சுப் பேசாதீங்க டாக்டர், இன்னிக்கி எடுங்க" என்றாய். அவர் எடுத்தார். முடிவு மாறவில்லை. அதற்காகக் கேட்டது தப்பு என்று நீ ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் அந்தக் கம்பெனியில் யாரோ ஒரு பெண் உன் எழுத்தை முழுதாகப் படித்துவிட்டு, தன் மெஷினில் செய்து பார்த்து, பிழைதான் என்று ஒப்புக்கொண்டாள். நீ எழுதிய திருத்தம் உள்ளே போனது: பிட்டை இறக்கும் ஒவ்வொரு முறையும் நீளத்தைப் புதிதாகக் கேட்க வேண்டும். அதோடு ஒரு சோதனையும் வைத்தாய். லைப்ரரிக்குத் தெரியாமல் பிட்டின் நீளத்தை மாற்றிவிட்டு, அது திரும்பக் கேட்கிறதா என்று பார்க்கிற சின்ன ப்ரோகிராம். யார் எதை மாற்றினாலும் வெளியிடும் முன் அந்தச் சோதனை ஓடும். அதற்கு ஆயுத பூஜை என்று பேர் வைத்தாய். பேரை மாற்றலாமா என்று கேட்டார்கள். "பேரு புரியலன்னா விசாரிங்க. விசாரிக்கணும்ன்றதுதான் இந்தத் திருத்தமே" என்று பதில் போட்டாய். கலா வேலையில் இருந்தாள். அதன் பிறகு வந்த பூஜைகளில் மெஷின் ஒழுங்காக இருந்தது. நீதான் இல்லாமல் போனாய்.

நேற்று முருகையன் அண்ணன் போன் செய்து, "பழைய கதைம்மா" என்று சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. உன் திருத்தம் இருக்கும்போது எப்படி நடக்கும்? போய்ப் பார்த்தால் போன மாதம் கம்பெனி லைப்ரரிக்கு ஒரு புதுப் பதிப்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. வேகம் கூடும் என்றார்களாம். கம்பெனி மேலாளரிடம் பேசினேன். உருகி உருகிப் பேசினார். புது ஸ்பிண்டில் இனாமாகத் தருகிறோம் மேடம், ஆபரேட்டர் தப்பென்று பட்டறையிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றார்.

அதைக் கேட்டு முருகையன் அண்ணன் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். "எனக்குக் கல்யாண வீட்டுக் கதவு நிக்குதும்மா. ஸ்பிண்டில் வந்தாப் போதும். கலாவுக்கு வேற எடத்துல வேலையா கெடைக்காது?"

"மெஷின ஒடைச்சவள்னு எழுதிக் குடுத்தப்புறம் எவன்ணே குடுப்பான்?"

அவர் துடைப்பத்தை எடுத்துத் தரையில் சிந்திய பொரியைப் பெருக்கத் தொடங்கினார்.

கலா வீட்டுக்குப் போனேன். அழவில்லை அவள். இப்போது தேறிவிட்டாள், உன் வாய் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பூஜை போட்டது தப்புன்னா மொதலாளி பேரையும் சேத்து எழுதச் சொல்லுங்கக்கா. பொரி தின்ன எல்லார் பேரையும் எழுதட்டும், உங்க பேரு உள்பட" என்றாள். அப்படியே என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன்.

எனக்கு இன்றைக்கும் பைதானில் ஒரு வரி படிக்கத் தெரியாது. அதனால் என்ன? நீ செய்த வரிசை எனக்குத் தெரியும். டிவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து தெர்மாகோல் எடுத்தேன். இன்னொரு ஸ்பிண்டில் மாட்டினோம். கம்ப்யூட்டரை அணைக்காமல் பிட்டைக் கழற்றி, நீட்டி மாட்டி, பெட்டியில் உயரம் வைத்து இறக்கினோம்: உள்ளே போனது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மற்றதை அப்படியே வைத்து இறக்கினோம்: தெர்மாகோல் மேல் தொட்டும் தொடாமலும் நின்றது. அப்புறம் நீ பென் டிரைவில் போட்டுக்கொடுத்திருந்த, உன் திருத்தம் சேர்ந்த பழைய பதிப்பைக் கலா ஏற்றினாள். அது ஓடத் தொடங்கிய பிறகு பிட்டைக் கழற்றி, இன்னும் நீட்டி மாட்டி, பெட்டியில் உயரம் வைத்தோம், இந்த முறை கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. ஒழுங்காக நின்றது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நீ என்னிடம் கத்திய கத்தலெல்லாம் வீண்போகவில்லை. முருகையன் அண்ணன் பார்த்துக்கொண்டேயிருந்தார். "அந்தக் கருவடிக்குப்பத்துப் பொண்ணு இருந்தா இந்நேரம் என்னையத் திட்டியிருக்கும்" என்றார். "நான் திட்டட்டுமாண்ணே?" என்றேன். வேண்டாம் என்றார்.

இன்று காலை மேலாளர் காரில் வந்து இறங்கினார். கடிதத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நான் அதைக் கையில் வாங்கவில்லை.

"சார், கலா தொட வேணாம். நான் தொட மாட்டேன். நீங்களே பிட்ட மாட்டுங்க, நீங்களே ஒயரம் வைங்க, நீங்களே பட்டன அழுத்துங்க."

நேற்று மாலையே புதுப் பதிப்பைத் திரும்ப ஏற்றிக் கம்ப்யூட்டரை விழிக்க விட்டிருந்தேன். அவர் நல்ல ஆள்தான், வேலை தெரிந்தவர், கவனமாகவே செய்தார். உயரத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். அழுத்தினார். பிட் தெர்மாகோலுக்குள் போய்ச் சத்தமில்லாமல் நின்றது.

"இப்ப ஆபரேட்டர் யாரு சார்?" என்றாள் கலா.

அவர் வெளியே போய் யாரிடமோ நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. வேகத்துக்காக, ஒவ்வொரு முறையும் கேட்கிற அந்த வேலையை எடுத்துவிட்டார்களாம். எடுத்தபோது உன் சோதனை தப்பு என்று சிவப்பாகக் காட்டியிருக்கிறது. "அந்த டெஸ்ட்டையும் எடுத்துட்டாங்க மேடம். பேரு என்னான்னு யாருக்கும் புரியலையாம்."

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. சொல்தா வீட்டில் நீ கற்று எனக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளும் அதில் இருந்தன. அவருக்குப் புரியவில்லை. அதையும் விசாரித்துக்கொள்ளட்டும்.

கொஞ்சம் ஆறியதும் அவர் சமாதானமாக வந்தார். "ஒண்ணு பண்ணலாம் மேடம். பூஜை அன்னைக்கு மட்டும் கம்ப்யூட்டர அணைச்சுட சொல்லி உங்க கஸ்டமருக்கெல்லாம் சொல்லிடுங்க. பிரச்சினையே இல்ல."

"சொல்ல மாட்டேன்."

"சின்ன விசயம்தான மேடம்."

"சின்ன விசயம்னா நீங்க பண்ணுங்க. சாமிய அணைக்கச் சொல்ற வேலைய ஏன் எனக்குக் குடுக்குறீங்க? கேக்காம எறங்குறது உங்க மெஷின். இன்னிக்கி பூஜை, நாளைக்கி எவனாவது துடைக்கக் கழட்டுவான். அதுக்கும் ஒரு கடிதம் எழுதிக்கிட்டு வருவீங்களா?"

அப்படியென்றால் என் ஏஜென்சியைப் பற்றி மேலிடத்தில் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார், ரொம்ப வருத்தத்தோடு.

"தாராளமா யோசிங்க. ரம்பமும் உப்புத்தாளும் கட்டிக்கிட்டு இந்தத் தெருவுக்கு வந்தவ நான், மறுபடி வருவேன். ஆனா ஒண்ணையும் சேத்து யோசிங்க சார். ஆயுத பூஜை அரியாங்குப்பத்துல மட்டும் இல்ல. நீங்க மெஷின் வித்த ஊருலல்லாம் உண்டு. நேத்து எத்தன எடத்துல காத்த அறுத்துட்டுச் சும்மா திருப்பிப் போட்டாங்களோ, உங்களுக்குத் தெரியுமா? அடுத்த வருசம் அதுல ஒண்ணு மேசைக்குப் பதிலா கைய அறுத்தா, எந்த ஆபரேட்டர்கிட்ட கையெழுத்து வாங்குவீங்க? கை வேணுமே."

அவர் உட்கார்ந்தார். முருகையன் அண்ணன் டீ சொன்னார். வியாபாரத்தில் எதிராளி உட்கார்ந்துவிட்டால் பாதி முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கடிதத்தை நான்காக மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உன்னைப் பற்றி யாராவது கேட்டால், அவள் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள் என்று நான் சொல்வதில்லை. நீ சொல்லிக்கொடுக்கவும் இல்லை, நான் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் உன் பிடிவாதத்தில் ஒரு துண்டு என்னிடம் தங்கிவிட்டது. யாராவது வந்து, அவன்தான் தப்பு செய்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், முன்பெல்லாம் ஆளைப் பார்ப்பேன். இப்போது, திரும்பச் செய்து காட்டு என்கிறேன். மர வியாபாரியிடம் சொல்கிறேன், பேங்க் ஆளிடம் சொல்கிறேன். உன் சாவுச் செய்தியைச் சொல்ல வந்தவனிடமும் வாய்வரை வந்தது. எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும்.

பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், உனக்கும் இதில் பங்கு உண்டு. பிட்டை இறக்கும் முன் கேட்கிற வேலை அடுத்த பதிப்பில் திரும்ப வரும். உன் சோதனையும் அதே பேரில் திரும்ப வரும். அந்தப் பேர் என்ன என்பதற்கு ஒரு பத்தி விளக்கத்தை அவர்களே எழுதிச் சேர்ப்பார்கள். அதுவரை நான் விற்ற மெஷின்களில் எல்லாம் பழைய பதிப்பு ஓடும், ஏற்றிவிட்டு வரும் செலவு அவர்களுடையது. மற்ற ஊர்ப் பட்டறைகளுக்கும் இந்த வாரமே எச்சரிக்கை போக வேண்டும். ஸ்பிண்டிலும் வீணான கதவும் அவர்கள் கணக்கு. பதிலுக்கு அவர்களுடைய புது மாடல் ஒன்றை என் கடை முகப்பில் நிறுத்த ஒப்புக்கொண்டேன், அது விற்காது என்று தெரிந்தே. ஆபரேட்டர் தப்பு என்று எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. கலா திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாள். மெஷின் நின்ற நாட்களுக்கும் அவளுக்குச் சம்பளம் உண்டு.